டவர் கல்

பச்சைப் புடவைக்காரி எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. டவர் கல்லின் உச்சியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு, மாமியாரின் சர்க்கரை மாத்திரையைப் பற்றி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டு, திருவிழாவுக்குத் தாய்வீடு வந்தவள் போலிருந்தது.

பூவரசன் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்த மலையூரில் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். உச்சியில் உட்கார்ந்தால் நாலு கோடு. கீழே இறங்கினால் ஒன்று, அதுவும் வந்து வந்து போகும்.

இன்னும் சற்று நேரத்தில் அவனுக்கு ஜப்பானிய மொழியில் பேச்சுத் தேர்வு, போனிலேயே. தேறினால் ஒசாகா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தேறாவிட்டால் செங்கத்தில் மாமாவின் உரக்கடையில் மூட்டை தூக்க வேண்டியதுதான் என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

பாலிடெக்னிக் படிப்போடு வேலூரில் ஜப்பானிய வகுப்புக்கும் போய் வந்தான். எழுத்துதான் உயிரை வாங்கியது. எண்ணுவதற்குக்கூட அங்கே பொருளுக்கொரு விதம்: பென்சிலுக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. பேச்சு அவ்வளவு மோசமில்லை, தமிழைப் போலவே வினை கடைசியில் வந்து உட்கார்ந்தது. பஸ்ஸில் முணுமுணுத்தும் வீட்டில் ஆடுகளிடம் பேசியும் பழகினான். அவன் ஆடுகளுக்குக் குனிந்து வணக்கம் சொல்வதைப் பார்த்த அம்மா காந்தா, மந்திரிக்க ஆள் கூட்டி வரலாமா என்று யோசித்தாள்.

டவர் கல்லுக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் வந்தவர் பேசி முடிக்கும்வரை யாரும் எழுப்பக்கூடாது. ஆஸ்பத்திரி விஷயமென்றால் மட்டும் யாராயிருந்தாலும் இடம் விட வேண்டும்.

பூவரசன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, கொஞ்சம் எழுந்துக்கிறீங்களா? ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வருதுங்க."

"யாருக்குப்பா? இன்னா ஆச்சு?"

"பெரியப்பாவுக்குங்க. நெஞ்சு வலி."

அவள் உடனே எழுந்துவிட்டாள். தனக்கும் ஒரு வேலை இருக்கிறது, பரவாயில்லை, கீழே போய் முயன்று பார்க்கிறேன் என்றாள். சரிவில் இறங்கிப் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இவளுக்கு என்ன வேலை, அடுத்தது நாத்தனாரின் மாத்திரையாக இருக்கும் என்று நினைத்தபடி அவன் கல் மேல் ஏறினான்.

போன் வந்தது. பெண் குரல், மணி போன்ற ஜப்பானிய உச்சரிப்பு. டோக்கியோவில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தையும் அதில் ஓர் அம்மையாரையும் மனதுக்குள் கண்டு, கல் மேலேயே குனிந்து வணங்கினான்.

பெயரும் ஊரும் கேட்கப்பட்டன. பூவரசன், ஜவ்வாது மலை என்றான். அப்போது மலை வளைவில் வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. அதே ஹாரன் போனுக்குள்ளும் கேட்டது. மலையில் எந்தச் சத்தமும் இரண்டாகத்தான் கேட்கும் என்பதால் அவன் அதைச் சட்டை செய்யவில்லை.

ஜவ்வாது மலையா என்று குரல் திருப்பிக் கேட்டது. பிறகு, இப்போது உங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேள்வி வந்தது.

இது அவன் ஆடுகளிடம் ஒப்பித்துத் தேய்ந்த பாடம். கல் இருக்கிறது, மரம் இருக்கிறது, ஆடுகள் இருக்கின்றன என்றான். மரத்தடியில் ஒரு பெண் இருக்கிறாள்.

அவள் என்ன செய்கிறாள்?

ஒன்றும் செய்யவில்லை என்றான். வந்ததிலிருந்து போனில் கதை பேசுகிறாள். இந்தக் கல்லில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், நான் ஒரு பொய் சொல்லி எழுப்பினேன். 'பொய்' என்ற சொல் சமயத்தில் நினைவுக்கு வந்ததில் அவனுக்கே பெருமையாக இருந்தது. அந்த மலையில் தன்னைத் தவிர ஜப்பானிய மொழி கேட்டவை தன் ஆடுகள் மட்டுமே என்ற தைரியம்.

குரல் இருமியது. அந்தப் பெண்ணுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டது.

நாற்பது என்று சொல்ல வாயெடுத்தான். நாற்பதுக்கு ஜப்பானிய மொழியில் இரண்டு விதமான உச்சரிப்பு. எது சரி என்று சந்தேகம் வந்துவிட்டது. எதற்கு வம்பு என்று ஐம்பது என்றான்.

குரல் மறுபடி இருமியது, இம்முறை பலமாக. பிறகு துண்டு துண்டாக ஏதோ கேட்டது, லைன் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

தேர்வு பாதியில் நின்றால் தேறாதவர் கணக்கு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். உரமூட்டையின் வாடை மூக்கில் ஏறியது. போனைப் பார்த்தான். நாலு கோடும் அப்படியே நின்றன. கோளாறு டோக்கியோவில்தான் என்று தீர்மானித்தான்.

செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினான். பச்சைப் புடவைக்காரி மூச்சு வாங்க மேலேறி வந்து, காதிலிருந்த ஒயரைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டே எதிரில் நின்றாள்.

அவன் போனைப் பொத்திக்கொண்டான். "கொஞ்சம் இருங்கக்கா, எனக்கு இன்னும் முடியல."

"எனக்கும் முடியலப்பா. நவுரு, அங்க குந்தினாத்தான் மீதிக் கேள்விய நான் கேக்க முடியும்."