ஏழு நாள் சொன்னாள், ஏழு நாள் சொல்லவில்லை

"உங்க பொண்ணு ஏழு நாளு ஜின்னு தலையில கொதிக்கிற தண்ணியக் கொட்டியிருக்கா, மேஸ்திரி."

மதப் பாட ஆசிரியர் ஷேக் மஹ்ரூஸ் இப்படித்தான் ஆரம்பித்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

பிளம்பர் ரகப் கையில் இன்னும் ஸ்பானர். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்ததும், யார் வீட்டு வேலையையோ பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்திருந்தான். பக்கத்தில் மகள் நவ்வாரா. ஆறாம் வகுப்பு. தலையைக் குனியவில்லை. அதுதான் ரகப்புக்கு ஆத்திரம்.

"தஸ்தூர் சொல்லாமயா ஊத்தினா?"

"சொல்லாமத்தான்."

"யா ரப்!" ரகப் தலையில் கை வைத்துக்கொண்டான்.

தமன்ஹூர் ஊரில் சாக்கடையில் சுடுதண்ணீர் ஊற்றுவதற்கு முன் 'தஸ்தூர்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாக்கடைக்குள் குடியிருக்கும் ஜின்களிடம் அனுமதி கேட்பது. கேட்காமல் ஊற்றினால் ஜின் அறையும்; வாய் கோணிக்கொள்ளும். ரகப் வீட்டில் இது சட்டம். போட்டவன் ரகப்.

ஷேக் நோட்டைப் பிரித்தார்.

"நான் கொடுத்த தலைப்பு: 'எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் ஒரு வழக்கமும் அதன் பயனும்.' மத்த முப்பத்தொம்பது பேரும் அழகா எழுதியிருக்காங்க. இந்த அம்மா எழுதினதக் கேளுங்க. 'முதல் நாள். மக்ரோனி வடித்த தண்ணீர். தஸ்தூர் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள். சொல்லவில்லை. ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள். சொன்னேன். அத்தை வழுக்கி விழுந்தார்.'"

"என் அக்காவா விழுந்தா?"

"அத்தை வாரத்துக்கு ரெண்டு தடவ விழுவாங்க, பாபா. அதனால அதக் கணக்குல சேர்க்கல."

ரகப் மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"வாய் கோணலையா?"

"தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு அளந்தேன்."

"எதால?"

"ஸ்கேலால."

ஷேக் இருமினார். சிரிப்பாகவும் இருக்கலாம். ரகப் அதைக் கவனிக்கவில்லை.

"மௌலானா, நாலு சாத்து சாத்துங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கேள்வி கேக்கறத மறந்துட்டு, சொன்னத மனப்பாடம் பண்ற புள்ளையா ஆக்கிடுங்க. எங்கப்பன் கேட்டானா? அவங்கப்பன் கேட்டானா? ஏ கழுதை, நான் தினம் எத்தனை சாக்கடை பார்க்கறேன், உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"பதினாலு நாளும் உங்க கண்ணு முன்னாடிதான் ஊத்தினேன், பாபா. நீங்க மக்ரோனிதான் தின்னுட்டு இருந்தீங்க."

"வாய மூடு!"

"ரெண்டு பேரும் மூடுங்க" என்றார் ஷேக். "விஷயம் இதுதான். இந்தக் கட்டுரைக்கு என்னால மார்க் போட முடியாது. போடலேன்னா மதப் பாடத்துல பெயில். கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினாலும் அடுத்த வருஷம் இதே பெஞ்சுதான்."

இப்போதுதான் நவ்வாராவின் தலை குனிந்தது.

"நான் பொய் எழுதல, உஸ்தாத்."

ரகப்பின் குரல் இறங்கியது. "பெயிலெல்லாம் வேணாம், மௌலானா. இவ என்ஜினீயராகணும். என்னை மாதிரி முழங்கை வரைக்கும் சேத்துல கைய விடக் கூடாது. வேற எழுதித் தருவா. தொழுகையப் பத்தி எழுதட்டும்."

"வேற எதுக்கு? இதுல என்ன தப்புன்னு கேட்டீங்களா?"

"ஜின்னுமேல சுடுதண்ணி ஊத்தினது..."

"அது ஜின்னுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு. நான் அத சொல்லல." ஷேக் நோட்டைத் தட்டினார். "ஒரே ஒரு சாக்கடை! உங்க வீட்டுச் சாக்கடையில ஜின் குடியே வராம இருந்திருக்கலாம். வந்திருந்தாலும் அந்தப் பதினாலு நாள் அலெக்ஸாந்திரியாவுக்குக் காத்து வாங்கப் போயிருக்கலாம். ஒரு சாக்கடையப் பார்த்துட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதறதா? ஊரு சொன்னத இவ அப்படியே நம்ப மாட்டா. இவ சொன்னத மட்டும் நான் அப்படியே நம்பணுமா? நூறு சாக்கடைக்காவது கணக்கு வேணும். கொண்டுவந்தா முழு மார்க்."

நவ்வாராவின் முகம் மலர்ந்தது. "எப்போ கொண்டுவரணும், உஸ்தாத்?"

"மார்க் பட்டியல் இன்னும் ஒரு மணி நேரத்துல மேல போகுது."

மலர்ந்த முகம் சுருங்கியது. "ஒரு மணி நேரத்துல நூறு சாக்கடைக்கு நான் எங்க போவேன்?"

அவள் அழுது ரகப் பார்த்து நாலு வருஷம் இருக்கும். இப்போது அழுதாள். சத்தமில்லாமல்.

ரகப் வாசலை எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்தினான். ஸ்பானரை மேஜைமேல் வைத்தான்.

"நூறுன்னா சொன்னீங்க, மௌலானா?"

"நூறு."

"பத்தாயிரம் இருந்தா பரவாயில்லையா?"

ஷேக் நிமிர்ந்தார். "யார் பார்த்தது?"

"நான்தான். பதினெட்டு வருஷம்." ரகப் மகளைப் பார்க்காமல் சொன்னான். "அடைப்பெடுக்க சுடுதண்ணி ஊத்தறப்போ ஒரு தடவகூட தஸ்தூர் சொன்னதில்ல. சாக்கடை மூடியத் திறக்கிற நேரத்துல எவனாவது வாயத் திறப்பானா?"