நாலாம் நம்பர் நரி

"புள்ளைய அனுப்பாம நீங்க எதுக்கு அண்ணாச்சி வந்தீய?" என்றான் முஹம்மது அனஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தேவஇரக்கம் கதவை ஒட்டியே நின்றார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனியில் டெய்லர். சட்டையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. நேற்றுப் போட்டதை மாற்றவில்லை போலும்.

"செலினாவோட ஹால் டிக்கெட் வேணும் தம்பி. ஒன் கடையிலதான் அப்ளிகேஷன் போட்டா."

"தெரியும். நாளைக்குப் பத்து மணிக்குப் பரீட்ச. இன்னைக்குச் சாயங்காலம் வந்து நிக்கீய. இம்புட்டு நாளா என்ன செஞ்சா?"

"போன்லதான் எறக்கி வச்சிருந்தா. போன் ஒடைஞ்சு போச்சு."

"எல்லாத்தையும் போன்லயே வச்சா இப்படித்தான். ரிஜிஸ்டர் நம்பர் சொல்லுங்க."

அவருக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்டும் தெரியவில்லை.

"வீட்டுக்குப் போன் போட்டு அவகிட்டக் கேளுங்க."

"அவளால இப்பச் சொல்ல முடியாது தம்பி."

அனஸ் உச்சுக்கொட்டினான். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சலில் படுக்கிற பிள்ளைகளை அவன் எத்தனையோ பார்த்தவன். "பயந்து காய்ச்சல இழுத்துக்கிட்டாளாக்கும்" என்றான். தேவஇரக்கம் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டான். "எந்தப் பிரௌசர்ல போட்டான்னாவது சொன்னாளா?"

"அப்படின்னா?"

அப்படித்தான் கேட்பார்கள். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அனஸின் பிரௌசிங் சென்டரில் ஐந்து சிஸ்டம். ஐந்திலும் முதலில் தெரிவது குரோம் பிரௌசரின் உருண்டை, வைத்தது அனஸ். வருகிறவர்கள் எது முதலில் இருக்கிறதோ அதை அமுக்குவார்கள். இதுதானா, வேறு உண்டா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அவனைக் கூப்பிட்டு, "கடையில இருக்கிற அதே உருண்டையப் போட்டுரு" என்பார்கள். இதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. கடை சாத்தும்போது அந்த உருண்டையில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்ட், பெயர், நம்பர் அத்தனையையும் துடைத்துவிட்டுத்தான் போவான்.

ஆகவே உருண்டையில் செலினாவின் தடயமே இருக்காது. அனஸ் அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினான். அந்தப் பெண் அப்ளிகேஷன் போட்ட அன்றைக்கு அவனிடம் மல்லுக்கு நின்றது ஞாபகம் வந்தது.

"எல்லாரும் தொடுற உருண்ட எனக்கு வேண்டாம்ண்ணே. இந்த நரி சும்மாதான கெடக்கு. இதுலயே என் பாஸ்வேர்ட் கெடக்கட்டும்" என்று நரிப் படம் போட்ட ஃபயர்பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"ஊர்ல நரிய நம்புற ஒரே ஆளு நீதான் தாயி" என்று அவனும் விட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, அவ நாலாம் நம்பர் சிஸ்டத்துலதான் ஒக்காருவா. ஆனா ஒரு சங்கடம்" என்றான். குரல் இறங்கியிருந்தது. "யாரும் தொடாதது எதுக்கு எடத்த அடைக்கணும்னு போன வெள்ளிக்கெழம நரிய எல்லாத்துலயும் அழிச்சுக்கிட்டு வந்தேன். மூணு முடிச்சேன். ஜும்ஆ தொழுகைக்குப் பாங்கு சொல்லிட்டாக. வந்த பொறவு நாலாவத அழிச்சேனா, இல்லையான்னு நெனவில்ல."

தேவஇரக்கத்தின் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. "இங்க இல்லேன்னா வேற எங்கயும் இல்ல தம்பி."

அவர் குரலைக் கேட்டதும் அனஸ் எழுந்து போய் அந்தச் சிஸ்டத்தின் சுவிட்சைப் போட்டான். ஒரு பெண்ணின் பிழைப்பைத் தானே துடைத்துப் போட்டுவிட்டோமோ என்று பயந்தான். நாலாம் நம்பர் சிஸ்டம் எப்போதுமே மெதுவாகத்தான் விழிக்கும். இன்றைக்கு அது ரொம்பவே படுத்தியது.

திரை வந்தது. ஓரத்தில் நரி இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் அனஸ். பக்கத்தைத் திறந்து கட்டத்தில் அமுக்கியதும் ரிஜிஸ்டர் நம்பர் தானாக வந்து விழுந்தது. கீழே பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியாக நின்றது. அடுத்த நிமிடம் ஹால் டிக்கெட் திறந்தது, இடது ஓரத்தில் செலினாவின் போட்டோவோடு.

"வந்துட்டா" என்றார் தேவஇரக்கம்.

அனஸுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. பிரிண்ட் கொடுத்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். "சென்டர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. எடத்தப் பாத்து வச்சுக்கிட்டாளா?"

"நேத்து அதப் பாத்துட்டு வாரேன்னுதான் வண்டிய எடுத்துட்டுப் போனா."

"கெட்டிக்காரி. காய்ச்சலோட போனாலும் நல்லாத்தான் எழுதுவா. நாளைக்கு நேரத்தோட கெளப்பி விட்டுருங்க. பத்து மணின்னா ஒம்பதுக்கே உள்ள இருக்கணும்."

பிரிண்டரிலிருந்து வந்த தாளை அவரிடம் நீட்டினான். அவர் அதில் எதையும் படிக்கவில்லை. போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கலையே இவ. வீட்டுல சும்மா சும்மா சிரிப்பா."

"நாந்தான் சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன் அண்ணாச்சி. இந்தச் செவுத்துல நிக்க வச்சு அவ போன்லயே எடுத்தேன். மூணு தடவ சிரிச்சுக் கெடுத்தா. சிரிச்சா ரிஜெக்ட் ஆயிரும்னு அதட்டுன பொறவுதான் அடங்கினா. ஹால் டிக்கெட்டுக்குச் சிரிப்பு எதுக்கு?"

தேவஇரக்கம் தாளை மேசைமேல் வைத்து அவன் பக்கமே நகர்த்தினார்.

"இது வேண்டாம் தம்பி. இந்தப் போட்டோவ மட்டும் பெருசா எடுத்துத் தா. அவ படம் அம்புட்டும் அந்தப் போன்லதான் இருந்துச்சு. போஸ்டர் அடிக்கிறவரு காத்துக்கிட்டிருக்காரு. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம்."