முனியாண்டி பார்த்துக்குவார்

“ஒரே வீடு டாக்டர். அந்த ஒரு வீட்டாலதான் இந்தத் தாமானுக்கே நாய்த் தொல்லை!”

தர்மா எழுந்து நின்று சொன்னதும் மண்டபத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். லகாட் பக்கத்தில் உள்ள அந்தத் தாமான் குடியிருப்புக்கு அவர்தான் சங்கத் தலைவர். செல்லப் பிராணி வளர்ப்பு பற்றிப் பேச, ஈப்போவிலிருந்து கால்நடை மருத்துவர் ட்ரேசியை அழைத்து வந்ததும் அவர்தான்.

“பொட்டை நாய்க்கு ஆபரேசன் செய்யலன்னா குட்டிமேல குட்டியா போடும். அதுங்கதான் தெருவுல திரியுது” என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார் ட்ரேசி.

“அதான் டாக்டர். அந்த டைலர் ஹில்டா வீட்டுல வந்து பாருங்க. குட்டி போட வச்சு விக்குதோ என்னமோ!”

“தகர வேலி போட்டு மறைச்சிருக்குலா. உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? சத்தம் மட்டும்தான் நமக்கு” என்றாள் கூட்டத்திலிருந்த குமுதா.

“நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாநகர் மன்றத்துக்குப் போன் போட்டு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகச் சொல்லிடறேன்” என்றார் தர்மா.

கூட்டம் அப்படியே கிளம்பியது.

தாமான் முடிந்து செம்பனைத் தோட்டம் தொடங்கும் இடத்தில் இருந்தது ஹில்டாவின் வீடு. கழுத்தில் அளவு நாடாவோடு அவள் கதவைத் திறந்தாள். இத்தனை பேரை அவள் எதிர்பார்க்கவில்லை.

“வாங்கண்ணே... எல்லாரும் வாங்க. சத்தம்தான் போடும், கடிக்காது.”

“விருந்துக்கு வரல. டாக்டர் பார்க்கணுமாம்” என்றார் தர்மா, கையில் போனோடு.

ட்ரேசி உள்ளே போனார். நாய்கள் அவரைப் பார்த்துக் குரைத்தன. ஹில்டா ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, வயிற்றைத் தடவிப் பார்த்தார். காதைப் பார்த்தார். வெளியே எல்லாரும் காத்து நின்றார்கள்.

“என்னா டாக்டர்?”

“வயித்துல தழும்பு இருக்கு. எல்லாத்துக்கும் ஆபரேசன் ஆயிருக்கு. இங்க இருக்கிற எதுவும் குட்டி போடாது.”

“அப்ப தெருவுல திரியுற குட்டிங்க?”

“அதுங்க வேற வீட்டுக் குட்டிங்க சார்.”

ட்ரேசி ஹில்டாவிடம் திரும்பினார்.

“இதுங்கல்லாம் எங்கேருந்துக்கா கெடச்சுது?” என்று கேட்டார் ட்ரேசி.

“பழைய தோட்டத்து முனியாண்டி கோயில்ல. பொட்டையாப் பார்த்து அங்கதான் கொண்டாந்து விடுறாங்க. பக்கத்துல சூடம் எரிஞ்ச கறுப்பு இருக்கும். முனியாண்டி பார்த்துக்குவாருன்னு ஒரு நம்பிக்கை, பாவம்.” ஹில்டா சிரித்தாள். “நான் மாதா கோயிலுக்குப் போற ஆளு. இருந்தாலும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் தூக்கிட்டு வாரேன்.”

“கதையெல்லாம் இருக்கட்டும்” என்றார் தர்மா. “ஒரு வீட்டுல இத்தனை நாய் வச்சிருக்கக் கூடாது. ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குலா!”

ஹில்டாவின் சிரிப்பு நின்றது.

“அண்ணே, அள்ளிட்டுப் போனா திரும்பி வராதுங்கண்ணே...”

தர்மா போனில் எண்ணைத் தேடினார்.

அவர் குரலைக் கேட்டுத்தானோ என்னவோ, தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த ஒரு கிழட்டுப் பழுப்பு நாய் எழுந்து வாசலுக்கு வந்தது. யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. நேராக வந்து தர்மாவின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தது. உடம்பெல்லாம் ஆட, முனகி முனகி அவர் கையை நக்கியது.

போன் கீழே விழப் பார்த்தது.

“ஏய், ஜூலி! உக்காரு!”

நாய் சட்டென்று உட்கார்ந்தது.

தர்மாவின் வாய் திறந்தபடியே இருந்தது. குமுதா அவரைப் பார்த்தாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

ஹில்டா மட்டும் நாயைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஜூலியா இது! வாயில வந்த பேரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேண்ணே, ஒண்ணுக்கும் திரும்பல. இனிமே கூப்பிட்டா வரும்!”

கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

தர்மா போனைச் சட்டைப் பையில் போட்டார். குனிந்து நாயின் தலையில் கை வைத்தார். நிமிரவில்லை.

“மத்ததுங்களுக்கும் பேரு இருக்கும்லா?” ஹில்டா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். “தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன். பேரு சொல்லிக் கூப்பிட்டா இன்னும் நல்லா சாப்பிடும்.”

கூட்டம் தரையைப் பார்த்தது. சிலர் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

கடைசியில் குமுதாவின் குரல், கேட்டும் கேட்காமலும் வந்தது.

“அக்கா... அந்தக் கறுப்பு... ரோசி.”