போளி மணக்கும் பீர்

“அப்போ பத்து நாட்டு பீரையும் குடிச்சுப் பாத்திருக்கீரு. அப்படித்தானே மாப்ளே?”

முன்சீட்டிலிருந்து ராஜபாண்டி திரும்பிக் கேட்டார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு போட்டிருந்த கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முறைக்கிறாரா சிரிக்கிறாரா என்று பின்சீட்டிலிருந்த சோலைராஜுக்குப் பிடிபடவில்லை.

இறங்கி ஓடவும் வழியில்லை. ராத்திரி பெய்த மழையில் குளத்தூர் விலக்கு தாண்டிக் கரிசல் பாதை களியாகக் குழைந்து கிடந்தது. முன்சக்கரம் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. ராஜபாண்டி தன் பேரப்பிள்ளைக்காகப் போட்டு வைத்திருந்த பூட்டினால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. போன் போட்டுச் சொல்லியிருந்த பக்கத்து ஊர் மாரிச்சாமியின் டிராக்டர் வந்து இழுத்தால்தான் உண்டு.

“குலதெய்வத்துக்கு ஒரு தேங்கா உடைச்சிட்டு வந்திருவோம்” என்று மாமனாராகப் போகிறவர் கூப்பிட்டபோதே யோசித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். அவனுக்குப் பேசி முடித்திருந்த வனிதாதான் காரை ஓட்டி வந்தாள். அவள் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, சத்தியமா ஒரு சொட்டு குடிச்சதில்ல. அது எழுத்து வேலை. வெளிநாட்டுத் தமிழாளுக வாசிக்கிற இணையதளம். ஒருநாள் பத்து கோயில் எழுதுன்னுவாங்க, ஒருநாள் பத்து பீர் எழுதுன்னுவாங்க. இங்கிலீசுல நாலு இடத்துல வாசிச்சிட்டு நானா எழுதிக் குடுப்பேன்.”

“‘எனக்குப் பிடித்த பீர்கள்’னு போட்டு, பக்கத்துல உம்ம போட்டோவும் போட்டிருக்கே. பல்லெல்லாம் தெரியுதாம்.”

“அது அவங்களா போட்டது மாமா.”

“அஞ்சாவது பீரு கறுப்பா இருக்கும், மோந்து பாத்தா கடம்பூர் போளி மணக்கும்னு எழுதியிருக்கீரு. குடிக்காதவனுக்கு அது எப்படி வேய் தெரியும்?”

“போளி தின்னிருக்கேன் மாமா.”

வனிதாவின் தோள் லேசாகக் குலுங்கியது.

“பாத்தீரா? அன்னைக்கும் இப்படித்தான்” என்றார் ராஜபாண்டி. “நீரு எழுதுனதை மெட்ராஸ்ல இருக்க என் மச்சினன் போன்ல அனுப்பிவிட்டான். எனக்குக் கண்ணுல கட்டு, இவதான் வாசிச்சுச் சொன்னா. ஒவ்வொரு பீருக்கும் சிரிக்கா. போளிக்கு வந்ததும் பொறையேறிட்டு. எனக்கு இங்கன வயிறு எரியுது, இவளுக்குச் சிரிப்பு.”

திறக்காதென்று தெரிந்தும் சோலைராஜ் பின்கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.

“எம்மவ ரெண்டு வருஷம் வெளிநாட்டுல படிச்சிட்டு வந்திருக்கா. அந்தக் குளிருலயும் பச்சத்தண்ணியும் பாலும்தான். நீரு கோயில்பட்டிய விட்டு நகராம உலகத்தையே குடிச்சு முடிச்சிருக்கீரு.”

வனிதா சட்டென்று வைப்பரை ஓட விட்டாள். கண்ணாடியில் ஒரு மழைத்துளிகூட இல்லை.

“ஏட்டி, அதை நிப்பாட்டு” என்றவர் மறுபடி பின்னால் திரும்பினார். “ரெண்டுல ஒண்ணு சொல்லும். நீரு குடிகாரரா, பொய்க்காரரா?”

சோலைராஜ் இரண்டையும் மனசுக்குள் நிறுத்துப் பார்த்தான். குடிகாரன் என்றால் கல்யாணம் இந்தச் சகதியிலேயே முடிந்துவிடும். பொய்க்காரன் என்றால் முடியாது என்பதற்கும் ஒரு உத்தரவாதமும் இல்லை.

ஏற்கெனவே மூன்று வீட்டில், ‘வீட்டுக்குள்ள உக்காந்து எழுதுறதெல்லாம் ஒரு வேலையா?’ என்று தட்டிக் கழித்துவிட்டார்கள். ‘எழுதுறவரா? அப்ப சரி’ என்று தலையாட்டிய ஒரே பெண் வனிதாதான். இவளையும் விட்டுவிட்டால் இன்னொருத்தி அப்படிச் சொல்வாள் என்று அவனுக்கு நம்பிக்கையில்லை.

“பொய்க்காரன்தான் மாமா.”

ராஜபாண்டி பெருமூச்சு விட்டார். “அது போதும். பொய் சொல்லாத மாப்பிள்ளைக்கு நான் எங்கன போவேன்?”

பிறகு அவர் குரல் இறங்கியது. “என் கூடப்பிறந்தவன் குடிச்சே செத்தான். அன்னையிலருந்து குடிக்கிற ஆளு யாரா இருந்தாலும் எனக்கு ஆகாது. அந்தா, சோளக்காட்டுக்கு அங்கிட்டு அய்யனார் கோயில் தெரியுதா? கும்பிட்டுச் சொல்லும். குடிக்க மாட்டேன். குடிக்கிற ஆளுகூட ஒரே வீட்டுல இருக்கவும் மாட்டேன்.”

“ரெண்டாவது எதுக்கு மாமா?”

“கூட்டாளி, பங்காளின்னு எவனாவது வந்து ஒட்டிக்கிடுவான் வேய். சொல்லும்.”

சோலைராஜ் சோளக்காட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் இரண்டையும் சொன்னான். சரியாகச் சொன்னோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் சொன்னான்.

ராஜபாண்டியின் முகம் தெளிந்தது. “இப்பதான் நீரு என் மருமவன்.”

டிராக்டர் சத்தம் கேட்டது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். “ஏலே மாரிச்சாமி, கயித்தை இங்கன கட்டுலே!”

காருக்குள் இரண்டு பேர் மட்டும்தான். வனிதா ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றினாள். பிறகு தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில், முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு.”

“என்னது?”

“செர்ரிப் பழ பீரு. எனக்குப் பிடிச்சதே அதான்.”