அலை பெருசாத் தெரியணும்

"இந்த மூணுல எதுல தம்பி, பாடுனா அலை பெருசாத் தெரியும்?"

சிவராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓசூரில் அவன் வைத்திருக்கும் சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"திரையில ஓடற அலையை வச்சு என்னக்கா பண்றது? சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டு முடிவு பண்ணுங்க."

கேள்வி கேட்ட ருக்மணி, பக்கத்திலிருந்த கணவர் எல்லப்பன் பக்கம் திரும்பி, அதைத் தெலுங்கில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். அவர் கம்ப்யூட்டர் திரையைக் கைகாட்டினார்.

உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து வந்திருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் போல, மனுஷருக்குத் தமிழ் பிடிபடவில்லை என்று சிவராஜ் நினைத்துக்கொண்டான்.

"சரி, ரெண்டு வரி பாடுங்கக்கா. மூணுலயும் பதிஞ்சு காட்டறேன்."

ருக்மணி தயங்கினாள். கணவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைக் முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சிவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படி ஒரு குரல்!

"இவ்வளவு நல்லாப் பாடறீங்க, இத்தனை நாள் எங்கக்கா இருந்தீங்க?"

"பாடறதை விட்டுட்டேன் தம்பி. இவருதான் விடமாட்டேங்கறாரு."

பதிந்த பாட்டை மூன்றிலும் திறந்து காட்டினான் சிவராஜ். "இது எஃப்.எல். ஸ்டுடியோ. தாளம், மியூசிக் எல்லாம் சேக்க வசதி. இது ஆடாசிட்டி, இலவசம், கத்துக்கறது சுலபம். இது ரீப்பர், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும்." ஹெட்போனை எல்லப்பனிடம் நீட்டி, தனக்குத் தெரிந்த தெலுங்கை எடுத்துவிட்டான். "வினண்டி அண்ணா. கேளுங்க."

எல்லப்பன் அதை வாங்கி மனைவியின் காதில் மாட்டிவிட்டு, நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சிவராஜுக்குச் சுருக்கென்றது. பெண்டாட்டி இப்படிப் பாடியிருக்கிறாள், ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டால் என்ன? படம் பார்க்கவா வந்தார்?

"கொஞ்சம் பெருசாக்குங்க தம்பி, கலரும் மாத்துங்க" என்றாள் ருக்மணி.

ரீப்பரில் அலையைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, பச்சை நிறம் கொடுத்து ஓடவிட்டான். மேடும் பள்ளமுமாக அவள் பாட்டு நகர்ந்தது. அதன் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போன எல்லப்பனின் முகம் மலர்ந்தது.

"இதான்! இதையே போட்டுக் குடுப்பா!"

அறையே அதிரும்படி, சுத்தமான தமிழில் கத்தினார்.

சிவராஜ் திடுக்கிட்டான். "அண்ணனுக்குத் தமிழ் தெரியுமா? அப்புறம் ஏன்க்கா, நான் பேசறதை எல்லாம் நீங்க தெலுங்குல சொன்னீங்க?"

ருக்மணி கணவரின் தோளில் கை வைத்தாள்.

"தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுவாரு தம்பி. ஆனா கம்பெனியில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் இரைச்சல்ல ரெண்டு காதும் போயிடுச்சு. வீட்டுல பழகுன தெலுங்குல நான் பேசுனா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு. இனிமே யாருக்காகப் பாடறதுன்னு நான் நிறுத்திட்டேன், 'நீ பாடு, நான் கண்ணால பாத்துக்கறேன்'னு இங்க கூட்டிட்டு வந்துட்டாரு."