வாசலுக்கு வந்த மீன்

இன்ஜினியர் துரை பேனாவை மையில் தோய்த்த நேரம் பார்த்து, சுப்பண்ணன் குடத்தோடு பங்களா வராந்தாவில் ஏறிவிட்டார்.

எஸ்டேட்டின் மண் அணைக்கு அவர்தான் காவல். வருஷம் ஒரு தடவை சர்க்கார் இன்ஜினியர் மலையேறி நடுவட்டத்துக்கு வந்து அணையைச் சோதிப்பார். சோதனை என்றால், வராந்தா நாற்காலியில் சாய்ந்தபடி தூரத்தில் தெரியும் கரையை ஒரு பார்வை பார்த்து, கேக்கைத் தின்றுவிட்டு, 'பத்திரம்' என்று கையெழுத்துப் போடுவது.

கரையடியில் விரல் பருமனுக்குத் தண்ணீர் கசிகிறது, இப்போது சேறாகவும் வருகிறது என்று எஸ்டேட் துரையிடம் சுப்பண்ணன் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டார். எலி வளை என்று துரை சிரித்தார். நாலாவது முறை வாயைத் திறந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

கரைக்குக் கீழே பதினாறு வீடுகள். முதல் வீடு அவருடையது. பத்து நாளில் மழை பிடித்துவிடும். பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இன்று அணையைப் பற்றி அவர் பேசவே இல்லை. குடத்தை மட்டும் இறக்கி வைத்தார்.

உள்ளே கைப் பருமனில் ஒரு டிரவுட் மீன் துள்ளியது.

எஸ்டேட் துரைக்கு முகம் சிவந்துவிட்டது. சீமையிலிருந்து வரவழைத்து அணையில் விட்ட சாதி மீன். துரைமார் தவிர யார் பிடித்தாலும் ஜெயில்.

"நான் புடிக்கலீங்க தொரை. கரைக்குக் கீழ, எங்க ஊட்டு வாசல் ஓடையில தானா வந்து கெடந்துச்சுங்க."

இன்ஜினியர் மீனின் பருமனைப் பார்த்தார். கரையில் இருக்க வேண்டிய ஓட்டையின் பருமனை நினைத்தார். தொப்பியைக்கூட எடுக்காமல் சரிவில் ஓடினார்.

கரையடியில் சேற்றுத் தண்ணீரைக் கண்டதும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. இன்றே மதகைத் திறக்கவேண்டும், கரையை வெட்டிக் களிமண் வைத்துக் கட்டவேண்டும் என்று நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதினார். சுப்பண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதல் வீட்டுக்குள்ளிருந்து மீன் குழம்பு மணத்தது. அவர் மனைவி வேலாமணி, கையில் கரண்டியோடு வாசலில் உறைந்து நின்றாள்.

"இன்னொரு மீனும் வந்ததா?" என்றார் இன்ஜினியர், மிகுந்த கவலையோடு.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். இன்ஜினியர் உத்தரவில் கசிவோடு வெளியே வந்த மீன் 'ஒன்று' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'இரண்டு' என்று திருத்தினார்.

விரல் பருமன் ஓட்டையில் கைப் பருமன் மீன் எப்படி நுழைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சுப்பண்ணன் நன்றாகக் குனிந்து சலாம் போட்டார். கம்பளிக் கோட்டுப் பையில் விடியற்காலையிலிருந்து கிடந்த தூண்டில் முள், விலாவில் சுருக்கென்று குத்தியது.