அஞ்சு நிமிஷம்

"விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்தேங்க. இன்னைக்கும் பாதியில நின்னுடுச்சு" என்றாள் கம்சலா.

பதுளையிலிருந்த அவளது கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைக்கு ராமநாதன் தினமும் மடுல்சீமையிலிருந்து பஸ் ஏறி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். திருத்தக் கொடுத்திருந்தது மகன் தந்த பழைய லெப்டொப்.

"நேத்து சீடியில கீறல்னு சொன்னியேம்மா?"

"சீடியை மாத்திட்டேன். இப்ப மெமரியில கோளாறு போல. நாளைக்கு எட்டு மணிக்குள்ள வாங்க."

மறுநாள் பஸ் தாமதம். மூச்சிரைக்க ஓடி வந்தார். மேசையில் அவரது லெப்டொப் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சா?"

"முதல் நாளே சரியாயிடுச்சுங்க." கம்சலா அதை மூடி அலுமாரியில் வைத்தாள். "எட்டு மணி தாண்டிருச்சு. இன்னைக்குக் கிடையாது, வீட்டுக்குப் போங்க."

"அஞ்சு நிமிஷந்தானேம்மா லேட்டு?"

"எங்கம்மாவும் இதையேதான் உங்ககிட்டக் கேட்டாங்க. காலைப் பெரட்டுல ஆள் எண்ணி வேலை பிரிக்கிறப்ப, அவங்களுக்கு வேலை குடுக்காம எத்தனை நாள் திருப்பி அனுப்புனீங்க?"

ராமநாதன் அவளை உற்றுப் பார்த்தார். "யாரு உங்கம்மா?"

"உங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்த பூவம்மா. கைக்குழந்தைக்குப் பால் குடுத்துட்டு வர்றதுல லேட்டாயிடுச்சுன்னு அழுவாங்களே."

கம்சலா அலுமாரியைப் பூட்டினாள்.

"அந்தக் குழந்தை நான்தான்."